அதி கனமழை என்றால் எங்கள் தெருவில் எத்தனை அடி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். தாமிரபரணியில் பேரிடர் மீட்பு ஒத்திகை. லைஃப் ஜாக்கெட் மாட்டிய நாலு பேர் ரப்பர் படகில் ஒருவரைத் தூக்கி ஏற்றுகிறார்கள், கரையில் அதிகாரிகள் குடை பிடித்து நிற்கிறார்கள். குடை வெயிலுக்கு, மழைக்கு இல்லை. படகுக்குப் பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பையனுக்குத் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. எங்கள் மயினி படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்த ஆளு நடந்தே கரைக்கு வந்திருக்கலாமே" என்றாள். சிரித்தோம். அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தப் படகு நிற்கிற இடத்துக்கு மேலே பனைமர உயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாகத் தண்ணீர் போனதைப் பார்த்த குடும்பம் நாங்கள்.

சேரன்மகாதேவிக்கும் நெல்லைக்கும் நடுவில் ஆற்றங்கரை ஊர் எங்களுடையது. ஒரு ஏக்கர் வாழை, பிசானத்துக்குக் கொஞ்சம் நெல். நான் கட்சிக்காரன் இல்லை. மத்திய அரசு என்று எழுதினாலும் ஒன்றிய அரசு என்று எழுதினாலும் எனக்கு ஒன்றுதான், வெள்ளத்துக்கும் ஒன்றுதான். ஆனால் நாட்டு அரசு பேரிடருக்கு எப்படித் தயாராகிறது என்று அடிக்கடி கட்டுரை வருகிறதே, அதில் டெல்லியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒன்று எங்கள் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வெட்டுவதானால் வாழைக் கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். முந்தின ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. டிவியில் கீழே ஓடிய எழுத்தில் "தென் மாவட்டங்களில் அதி கனமழை" என்று வந்தது. வீட்டில் எல்லோரும் படித்தோம், படித்துவிட்டு இட்லி சாப்பிட்டோம். எங்களைக் குறை சொல்லக்கூடாது. கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லுக்கு எடையே போய்விட்டது. அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரில் 69. ஒரு வருஷம் முழுக்க அந்தப் பக்கம் பெய்கிற மழையைவிடக் கூடுதலாக ஒரே நாளில் ஒரே ஊரில் கொட்டியிருக்கிறது.

இதில்தான் எனக்கு முதல் கேள்வி. வானிலைத் துறை வைத்திருக்கும் அளவில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் போனால் அதி கனமழை, சிவப்பு நிறம். சரி, அதற்கு மேலே? ஒன்றும் இல்லை. 21 சென்டிமீட்டருக்கும் அதே சொல், 95 சென்டிமீட்டருக்கும் அதே சொல். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் பிடிக்கிற லாரியில் கணக்குப் போட்டால், 21 சென்டிமீட்டர் என்பது ஒரு ஏக்கரில் 70 லாரி, 95 சென்டிமீட்டர் என்பது அதே ஏக்கரில் 320 லாரி. இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை, ஒரே சிவப்பு. கொசு கடித்தாலும் பாம்பு கடித்தாலும் "கடித்துவிட்டது" என்று மட்டும் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். டிசம்பர் 12-ஆம் தேதியே முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டோம், சென்னை மையத்தில் மூன்று டாப்ளர் ரேடார் இருக்கிறது என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் டெல்லியில் சொன்னார். நீங்கள் சொன்ன அளவு வேறு, பெய்த அளவு வேறு என்று மாநில அரசு சொன்னது. இரண்டு பேரும் ஒருவகையில் நிஜத்தைத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. 12-ஆம் தேதி சொன்னதும் நிஜம், அது எங்கள் ஊர் ஆளுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்பதும் நிஜம். சென்னை ரேடார் மூன்றானாலும் முப்பதானாலும் நெல்லை அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்தில் ஒன்று இருக்கிறது, ஆனால் நடுவில் பொதிகை மலை நிற்கிறது. குமரிக் கடலுக்கு மேலே சுழற்சி உட்கார்ந்து கிழக்கிலிருந்து ஈரத்தை இழுத்து மலைக்கு முன்னால் கொட்டுகிற இந்த மாதிரி மழையைப் பார்க்க, மலைக்கு இந்தப் பக்கம், தெற்கில் ஒரு கண் வேண்டாமா?

இன்னொன்று, செல்போன். 2023 அக்டோபரில் ஒரு நாள் தமிழ்நாட்டில் எல்லாருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியதே, நினைவிருக்கிறதா? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்து நடத்திய சோதனை அது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன், வெங்காயக் கடைக்காரர் பயந்து தராசுத் தட்டைக் கீழே போட்டுவிட்டார். இது சோதனை, யாரும் பயப்பட வேண்டாம் என்று செய்தி. எனக்கு அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, டவருக்குக் கீழே இருக்கிற எல்லா போனிலும் நம்பர் தெரியாமலே சத்தம் போட வைக்கலாம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். இரண்டே மாதம். டிசம்பர் 17 ராத்திரி என் போன் என் தலைமாட்டில்தான் இருந்தது. பத்து மணி வரைக்கும் டவரும் இருந்தது. அலறவில்லை.

எங்களை எழுப்பியது வேறு. மார்கழி பிறந்துவிட்டது என்பதால் ஒரு மாதத்துக்கு மைக் செட் வாடகைக்கு எடுத்து அம்மன் கோவிலில் கட்டியிருந்தார்கள், விடிகாலை பாட்டுப் போட. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கரண்ட் இல்லை. கீழத்தெரு ஆச்சி ஒருத்தி, எண்பது தாண்டியவள், கம்பை ஊன்றிக்கொண்டு கோவில் பக்கம் வந்து, "ஏலே, ஆத்துச் சத்தம் மாறிப்போச்சு, கல்லு உருளுத சத்தம் கேக்கலை பாத்தியா, தண்ணி அதுக்கு மேல ஏறிட்டு" என்று சொன்னாள். அவள் சொன்ன கணக்கு இதுதான்: வெள்ளம் கொஞ்சம் என்றால் பாறை மேல் மோதிச் சத்தம் போடும், கூடுதல் என்றால் பாறை மூழ்கிச் சத்தம் அடங்கும். ஒரு பையன் ஆட்டோ பாட்டரியைக் கழற்றி மைக்கில் மாட்டினான். "92 வெள்ளம் மாதிரி வருது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க." இவ்வளவுதான் அறிவிப்பு. இருபது நிமிஷத்தில் ஊர் காலி.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா. அதி கனமழை என்று நாள் முழுக்க டிவி சொல்லி நகராத ஊர், "92 மாதிரி" என்ற ஒரே வார்த்தையில் நகர்ந்தது. 1992 நவம்பர் வெள்ளம் வந்தபோது எங்கள் அப்பா தண்ணீர் வடிந்த மறுநாள் ஒரு ஆணியால் நிலைப்படியில் கோடு கீறி வைத்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அந்தக் கோடு இருக்கிறது. நெல்லையில் ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோவிலை வைத்துத்தான் டவுன்காரர்கள் வெள்ளத்தை அளப்பார்கள், படி மூழ்கியதா, மண்டபம் மூழ்கியதா, கோபுரம் மட்டும் தெரிகிறதா என்று கேட்பார்கள். எங்களுக்கு அளவுகோல் இருக்கிறது. அரசாங்கம் அந்த அளவுகோலில் பேச மாட்டேன் என்கிறது.

புயல் என்றால் இந்த அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும், அதை ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் நான் பொய்யன். 1999-இல் ஒடிசாவில் புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-இல் பைலின் புயல் அதே ஒடிசாவுக்கு வந்தபோது பத்து லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள், சாவு சில பத்துகளில் நின்றது. 2004 சுனாமிக்குப் பிறகு மூன்றே வருஷத்தில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் புயலுக்குப் பெயர் வைப்பார்கள், எங்கே கரையைக் கடக்கும் என்று படம் போடுவார்கள், அமைச்சர்கள் கூட்டம் போடுவார்கள், மீட்புப் படை முன்னாலேயே வந்து பள்ளிக்கூடத்தில் தங்கும். எங்களுக்கு வந்த மழைக்குப் பெயர் கிடையாது. வெறும் "வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி". பெயர் இல்லாத பிள்ளையை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது போல அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாத ஆரம்பத்தில் சென்னைக்கு மிக்ஜாம் வந்தது, அதற்குப் பெயர் இருந்தது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, நல்ல சட்டம். சுனாமி அடித்த மறுவருஷம், 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மேலே பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், நடுவில் முதலமைச்சர் தலைமையில் மாநில ஆணையம், கீழே கலெக்டர் தலைமையில் மாவட்ட ஆணையம். வந்தபின் நிவாரணம் கொடுக்கிற பழைய பழக்கத்தை விட்டு, வருமுன் காக்கிற பழக்கத்துக்கு நாட்டைத் திருப்புவதுதான் நோக்கம். அந்தச் சட்டம் சொன்ன தேசியத் திட்டம் எப்போது வந்தது தெரியுமா? 2016. பதினொரு வருஷம். அதே சட்டம் சொன்ன தேசியப் பேரிடர் தணிப்பு நிதி, அதாவது வருவதற்கு முன்னாலேயே கரையை உயர்த்தவும் வடிகால் வெட்டவும் வைத்த பணம், அது 2021-இல்தான் அமைந்தது. அதுவும் 2016-இல் வறட்சி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்தில் அமையுங்கள் என்று சொன்ன பிறகு! ஆக, வருமுன் காக்கிற சட்டத்தில், வருமுன் காக்கிற பணம்தான் கடைசியாக வந்து சேர்ந்தது.

கீழே மாவட்ட ஆணையத்துக்கு வருகிறேன். சட்டப்படி மாவட்டத் திட்டத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். எந்த இடம் மூழ்கும், யார் எங்கே போக வேண்டும், யாரிடம் என்ன இருக்கிறது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். நெல்லை கலெக்டர் அலுவலகம் எங்கே இருக்கிறது? கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில். அந்த வெள்ளத்தில் அந்த வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. மாவட்டத்தைக் காப்பாற்றும் திட்டம் எந்த அலமாரியில் இருந்ததோ அந்த அலமாரியைக் காப்பாற்ற ஆள் தேவைப்பட்டது. அங்கே வேலை பார்க்கிறவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அந்த ராத்திரி அவர்களில் பலர் வீட்டுக்கே போகவில்லை. வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு மேட்டில் இன்னொரு இடம் வேண்டும் என்று ஒரு திட்டத்தில்கூட எழுதாமலா இருந்திருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது வாழைக் கணக்கு. என் ஏக்கரில் ஆயிரம் வாழை, ஏத்தன், பொங்கலுக்குப் பிறகு தார் வெட்ட வேண்டியது. ஒன்றுகூட நிற்கவில்லை, மோட்டார் ரூமையே காணோம், கிணற்றில் மணல் நிறைந்துவிட்டது. பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று உள்துறை அமைச்சகம் விலைப்பட்டியல் மாதிரி ஒன்று வைத்திருக்கிறது. அப்போதைய பட்டியலில் நீர்ப்பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர் என்றால் 22,500. ஏக்கருக்கு மாற்றினால் சுமார் 7,000, அல்லது 9,000. ஆயிரம் வாழைக்கு வகுத்தால் வாழை ஒன்றுக்கு ஏழு ரூபாய், நல்ல மனசு வைத்தால் ஒன்பது ரூபாய். தார் சாயாமல் முட்டுக் கொடுக்கிறோமே, அந்தக் கம்பு ஒன்றின் விலை இதைவிடக் கூடுதல். இது நஷ்ட ஈடு இல்லை, அடுத்த விதைப்புக்கு ஒரு கைத்தூக்கு மட்டும்தான் என்று சொல்லுவார்கள், தெரியும். கைத்தூக்கு என்றால் முழங்கை வரைக்குமாவது எட்ட வேண்டாமா?

மேலே இருக்கிற பெரிய கணக்கும் இதே கதைதான். 15-வது நிதிக்குழு பேரிடருக்கென்று மாநிலங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு 1,60,153 கோடி ஒதுக்கியது. எங்களை மாதிரி மாநிலத்துக்கு அதில் நூற்றுக்கு 75 மத்திய அரசு, 25 மாநிலம். இந்தப் பணத்தில் நூற்றுக்கு 80 நிவாரண நிதிக்கு, 20 வருமுன் வேலைக்கான தணிப்பு நிதிக்கு. இருபதாவது இருக்கிறதே என்று சந்தோஷப்படலாம், பதினைந்து வருஷம் அதுவும் இல்லாமல்தானே இருந்தோம். சென்னை மிக்ஜாம் வெள்ளம், எங்கள் பக்கத்து வெள்ளம் இரண்டுக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,000 கோடி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது, 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து வந்தது சுமார் 276 கோடி. கேட்டது கூடுதலா கொடுத்தது குறைச்சலா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பட்டியலில் ஆட்டுக்கு 4,000, கறவை மாட்டுக்கு 37,500 என்று ஏற்கனவே விலை எழுதியிருக்கும்போது, செத்ததை எண்ணி முடிக்க நாலு மாதம் எதற்கு என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மாநில அரசு கொடுத்த 6,000 ரூபாய்க்கு ரேஷன் கடையில் டோக்கன் வாங்க நின்றோம். அது கிடைத்தது, அடுப்பும் பாயும் வாங்கினோம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இடையில் "தேசியப் பேரிடராக அறிவி" என்று ஒரு கோஷம். சுவரெல்லாம் எழுதினார்கள். சட்டத்தில் அப்படி அறிவிக்கிற ஏற்பாடே இல்லை என்று டெல்லி சொன்னது, அது சரிதான். "கடுமையான தன்மை கொண்ட பேரிடர்" என்று ஒரு வகை உண்டு, 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்ததே, அதற்கு அந்தப் பெயர் கிடைக்கவே டிசம்பர் ஆகிவிட்டது. இல்லாத பட்டத்துக்காக நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இருக்கிற சட்டத்தில் இருக்கிறதைக் கேட்டிருக்கலாம். எங்கள் பக்கத் தலைவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

மீட்புக்கு வருகிறேன். தேசியப் பேரிடர் மீட்புப் படையில் 16 பட்டாலியன் இருக்கிறது, அதில் எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது அரக்கோணம். பக்கத்தில்! வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், மாநிலத்தின் வட கோடி அது. அவர்கள் வந்தார்கள், நன்றாக வேலை பார்த்தார்கள், ஹெலிகாப்டரில் விமானப்படையும் கடற்படையும் சாப்பாடு போட்டது. ஆனால் தண்ணீர் காத்திருக்காது. பாபநாசம் அணையில் திறந்தால் சில மணி நேரத்தில் எங்கள் வீட்டு வாசல். தாமிரபரணி மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, காலையில் மலையில் பெய்தால் ராத்திரி கடலில். இவ்வளவு குட்டையான ஆற்றுக்கு அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வருகிற உதவி எப்போதும் இரண்டாவது உதவிதான். முதல் உதவி யார் என்பதை அந்த இரண்டு நாளில் பார்த்தோம். கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியெல்லாம் அரித்துப் போயிருந்தது, நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. சுமார் 800 பேர், சுற்றிலும் தண்ணீர். 17-ஆம் தேதி ராத்திரி நின்ற வண்டிக்காரர்களை 19-ஆம் தேதிதான் வெளியே கொண்டுவர முடிந்தது. அதுவரைக்கும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டது பக்கத்தில் இருக்கிற புதுக்குடிக்காரர்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான்.

ஆப்த மித்ரா என்று ஒரு திட்டம் தேசிய ஆணையத்திடம் இருக்கிறது. உள்ளூர் ஆட்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி, கையில் ஒரு மீட்புப் பெட்டி. முதலில் 30 மாவட்டத்தில் ஆரம்பித்து, பிறகு 350 மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு விரித்தார்கள். அருமையான யோசனை, அரசாங்கம் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பயிற்சி எடுத்த ஆள் யார், எந்தத் தெரு, போன் நம்பர் என்ன என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. டீக்கடைச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிற இடத்தில் அந்த நாலு பேரின் பெயரை எழுதி வைத்தால் என்ன? கயிறு, டியூப், டார்ச் லைட்டை ஊராட்சி ஆபீஸில் பூட்டி வைக்காமல் கோவிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ வைத்தால் என்ன? ஊராட்சி ஆபீஸ் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட ஒரு ராத்திரி போதாது.

அணை விஷயம் மாநிலத்தோடது என்று டெல்லி தள்ளிவிட முடியாது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றம் போட்ட சட்டம். பெரிய அணை ஒவ்வொன்றுக்கும் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க ஐந்து வருஷம் கெடு வைத்தது. தண்ணீர் இவ்வளவு திறந்தால் கீழே எந்த ஊர் எவ்வளவு மூழ்கும் என்ற வரைபடம் அப்படியொரு திட்டத்தின் முதுகெலும்பு. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றுக்கும் அந்த வரைபடம் தமிழில், ஊர்ப் பெயரோடு, தெருப் பெயரோடு எங்கள் கைக்கு வர வேண்டும். இணையத்தில் எங்கேயோ ஆங்கிலத்தில் கிடப்பது வருவதாகாது. அஸ்ஸாமுக்கும் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் வருஷக்கணக்கான செயற்கைக்கோள் படங்களை அடுக்கி, எந்த இடம் எத்தனை தடவை மூழ்கியது என்று வெள்ள அபாய வரைபடத் தொகுப்பே போட்டிருக்கிறார்கள். தாமிரபரணி சின்ன ஆறு என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. ஆறு மட்டும் இல்லை, குளமும் இருக்கிறது. அன்றைக்குப் பாதி ஊரை அழித்தது உடைந்த குளங்கள்தான். தூத்துக்குடிப் பக்கம் கோரம்பள்ளம் குளம் உடைந்ததை மறந்துவிட்டோமா? குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் பாதையில் வீடு கட்டினால் குளம் கரையை உடைத்துக்கொண்டுதான் போகும், அதற்கு வேறு வழி கிடையாது. அந்த வீடுகளுக்கு ரசீது போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்டால் நம் மாவட்டத்திலேயே நிறையப் பேருக்கு வியர்க்கும்.

2025-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்குத் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைக்கலாம், பேரிடர் தகவல் தொகுப்பு உருவாக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நெல்லையும் மாநகராட்சிதான். ஆணையம் அமைத்தால் முதல் கூட்டத்தைக் கொக்கிரகுளத்தில் வைக்க வேண்டாம், அவ்வளவுதான் என் வேண்டுகோள். தகவல் தொகுப்பு விஷயத்தில் மட்டும் எங்களால் உதவ முடியும், அதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

எங்கள் நிலைப்படியில் அப்பா கீறிய 92 கோடு இருக்கிறது. அதற்கு ஒரு சாண் கீழே நான் 2023 டிசம்பர் 18 என்று தேதி போட்டு இன்னொரு கோடு கீறியிருக்கிறேன். தெருவில் பதினேழு வீட்டில் இதே மாதிரி இரண்டு கோடும் இருக்கிறது. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்காரர் போன மாதம் வெள்ளையடிக்கும்போது அழித்துவிட்டார், இன்னும் இரண்டு பேர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். தேசிய ஆணையமோ மாநில ஆணையமோ, யாரோ ஒரு சர்வேயரை ஒரு டேப்போடு அனுப்பி, அந்த ராத்திரி அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்ற கணக்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இவ்வளவு திறந்தால் இந்தக் கோடு என்று ஒரே நாளில் எழுதிவிடலாம். அடுத்த தடவை போன் அலறும்போது "அதி கனமழை" என்று போடாமல் "92 கோட்டுக்கு வரும்" என்று போட்டால் போதும், ஆச்சி எழுந்து வர வேண்டியதில்லை.

சர்வேயர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.